வாசகர் கேள்வி – பதில்: கடல் வழிவிடும் நேரம்

கேள்வி: எனக்கு 58 வயதாகிறது. பங்குனியில், அதாவது மார்ச் கடைசியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஓஸெட் ஏரியிலிருந்து கடற்கரைக்குப் போய்த் திரும்பும் 15 கிலோமீட்டர் நடைக்கு என்னையும் அழைத்துப் போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவள் என்பதால் தூரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாறையும் காடுமான கரடுமுரடான பாதை என்று மகள்தான் தயங்குகிறாள். போகலாமா? எப்படித் திட்டமிட வேண்டும்?
— ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: தாராளமாகப் போகலாம் ஆச்சி. குன்றக்குடியில் புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை நடக்கிற கால்களுக்கு 15 கிலோமீட்டர் பெரிதில்லை. ஆனால் பாதயாத்திரை நமக்குக் கற்றுத்தராத ஒன்று அந்தப் பாதையில் இருக்கிறது. நத்தம் சாலையில் நாம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் தங்குமிடத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்திப் போய்ச் சேருவோம், அவ்வளவுதான். ஓஸெட்டில் அதே தாமதம் வழியையே அடைத்துவிடும். ஏரிக்கரையிலிருந்து அலாவா முனை வரை காட்டுக்குள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அங்கிருந்து தெற்கே மணல்முனை எனப்படும் சேண்ட் பாயிண்ட் வரை கடலோரமாக 5 கிலோமீட்டர், பிறகு மீண்டும் காட்டு வழியாக ஏரிக்கு 5 கிலோமீட்டர் என்று முக்கோணமாக அமைந்த பாதை அது. நடுவில் உள்ள கடலோரப் பகுதியில் சில பாறை முனைகளைக் கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே சுற்றிக் கடக்க முடியும்.

நம் தொண்டியிலும் மீமிசலிலும் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதைக் கணக்கிட்டு நடக்கும் பழக்கம் நமக்கில்லை. அங்கோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சாதாரண நாளிலேயே இரண்டரை மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டு. நாளொன்றுக்கு இரண்டு வற்றங்கள் வரும். அவற்றில் ஒன்று மற்றதைவிட ஆழமாக வற்றும். அந்த ஆழமான வற்றம் குளிர்காலத்தில் மாலையிலும் இரவிலும், கோடையில் காலை வெளிச்சத்திலும் வருவது அந்தக் கரையின் இயல்பு. நீங்கள் போகிற மார்ச் மாதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே சனி, ஞாயிறு விடுமுறையை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு கடலைப் பார்ப்பது தவறான வரிசை. அமெரிக்க அரசின் நோவா நிறுவனம் அதே கரையில் உள்ள லா புஷ் துறைக்கு வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையை முதலில் பார்த்து, நண்பகலை ஒட்டி நல்ல வற்றம் வருகிற நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளுக்கு மாப்பிள்ளையை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். வற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், பயணம் ஒருநாள் தள்ளிப்போனால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். கையில் இருக்கும் அட்டவணை அந்த மாற்றத்தைச் சேர்த்ததா என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம்.

பகல் 12.30 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொள்வோம். கடல் வற்றிக்கொண்டே போகும் வேளையில், 10.30 மணிக்கே நீங்கள் கரையில் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு ஏரியிலிருந்து 8.30 மணிக்குப் புறப்பட வேண்டும். கரையோர 5 கிலோமீட்டரைச் சாலைக் கணக்கில் ஒரு மணி நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். உருளைக்கற்களும் பாசியும் விழுந்த மரங்களுமாகக் கிடக்கும் அந்த வழிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சியாட்டிலிலிருந்து ஓஸெட்டுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும் என்பதால், முந்தைய இரவே ஃபோர்க்ஸ் அல்லது கிளாலம் பே ஊரில் தங்கிவிடுவதுதான் சரி. ஏரிக்கரையில் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்பாமல், எப்போது திரும்புவீர்கள் என்பதை மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெறுங்கால் விரதத்தை அங்கே கடைப்பிடிக்க வேண்டாம். பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்திபோல் கிழிக்கும். காட்டுப் பாதையின் பெரும்பகுதி மரப்பலகைகள் பதித்தது. மழை நனைத்த பலகை பாசி படிந்த குளத்துப் படியைப் போல வழுக்கும் என்பதால், அங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் கடலில் அல்லாமல் காட்டில்தான் விழுகிறார்கள் என்றே எண்ணுகிறேன். நன்றாகப் பிடிக்கும் அடிப்பாகமுள்ள காலணியும் ஓர் ஊன்றுகோலும் வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்கள் உட்காரத் தோதாகத் தெரியும். கடல் ஏறும் நேரத்தில் ஒரே அலை அவற்றைப் புரட்டிவிடும், அடியில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது. நீர் எட்டக்கூடிய இடத்தில் கிடக்கும் மரத்தின்மேல் ஏறவே வேண்டாம். கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கவும் வேண்டாம். கரையிலிருந்து காட்டுக்கு ஏறும் இடங்களைச் சிவப்பும் கறுப்புமான வட்டப் பலகைகள் காட்டும். மணல்முனையில் அந்தப் பலகையைத் தவறவிட்டால் தெற்கே வெகுதூரம் போய்விடுவீர்கள்.

அந்தக் கரையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. மார்ச்சில் பகல் வெப்பமே 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கண்டாங்கிச் சேலை நம் வெயிலுக்கு ஏற்றது. அங்கே நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே மழைச் சட்டை, பையில் மாற்றுக் காலுறை, கைவிளக்கு என்று போங்கள். வழிநெடுக மோரும் பானகமும் தந்து உபசரிக்கிற பந்தல் ஒன்றுகூட அங்கே கிடையாது. குடிநீர் முழுவதையும் சுமந்துதான் போக வேண்டும். புளியோதரைக் கட்டுச்சோறும் தேன்குழலும் நல்ல துணை. ஆனால் ரக்கூன் என்னும் விலங்கு பையைத் திறந்து தின்னக் கற்றிருப்பதால், இறுக மூடும் டப்பாவில் வைத்துக் கையோடு வைத்திருங்கள்.

பாதி வழியில் வெட்டிங் ராக்ஸ் என்னும் பாறைகளில் ‘மகா’ (Makah) என்னும் பழங்குடியினரின் முன்னோர் செதுக்கிய திமிங்கில உருவங்கள் உள்ளன. அலாவா முனைக்கு அருகே மண்சரிவில் புதைந்துபோன அவர்களுடைய ஊரை 1970 முதல் பதினோரு ஆண்டுகள் அகழ்ந்து, 55,000 பொருள்களுக்கு மேல் எடுத்தார்கள். கீழடியைப் பெற்ற மாவட்டத்திலிருந்து போகிற உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. உருவங்களைத் தொடாமல் பாருங்கள், கரையில் கிடைக்கும் எதையும் எடுக்காதீர்கள். அந்தப் பொருள்கள் நியா பே ஊரில் அவர்களே நடத்தும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மறுநாளை அதற்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: இத்தகைய நடைக்கு நம் பக்கத்திலேயே பழகிக்கொள்ள முடியுமா?
— ஒரு வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: முடியும். சமதளச் சாலையில் எவ்வளவு நடந்தாலும் கணுக்காலுக்குப் பாறை பழகாது. பிரான்மலையில் வாரம் ஒருமுறை, அங்கே அணியப்போகும் அதே காலணியோடும், முதுகில் ஐந்து கிலோ சுமையோடும் ஏறி இறங்குங்கள்; முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான் என்பதால் இறங்கும்போது அவசரப்படாதீர்கள். தைப்பூசம் முடிந்து ஊர் திரும்பி ஒரு வாரம் ஓய்வெடுத்துத் தொடங்கினாலும், பங்குனிக்குள் நான்கைந்து முறை ஏறிவிடலாம். புதுக் காலணியை மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல் இங்கேயே வாங்கி, கொப்புளம் போடுகிற இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.