எல்பியின் கடைசி உருப்படியில் மட்டும் நாதஸ்வரம் கரகரப்பது

எல்பியில் (ஊசி வைத்துக் கேட்கும் இசைத்தட்டில்) கடைசி உருப்படி மட்டும் கரகரப்பதாகத் திருவாரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்து சிடிதான் உயர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். சிடியில் தெளிவாகக் கேட்கும் அதே கச்சேரி, எல்பியில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் கரகரக்கிறது என்றால், முதல் சந்தேகம் ஊசிமேல்.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும், ஒலி பதிந்த பள்ளம், உள்ளே போகப் போக 20 செ.மீ. அளவுக்குக் குறைகிறது. நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயி அந்தக் கொஞ்ச இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். தேய்ந்த ஊசியால் அதைத் தொடர முடியாது. சிடியில் எங்கே கேட்டாலும் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவெடுப்புகள்)தான்; அதனால் கடைசியில் இந்த நெருக்கடி இல்லை.

உங்கள் திருவாரூர்ப் பக்கம் அறுப்புத் தூசி வேறு ஊசியில் ஒட்டும். ஊசியைத் துடைத்துவிட்டு, நல்ல ஊசியுள்ள வேறொரு பிளேயரில் அதே தட்டைப் போடுங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் ஊசியை மாற்றுங்கள்.

அங்கும் கரகரத்தால் பள்ளமே தேய்ந்திருக்கலாம்; அதை மீட்க வழியில்லை. இதைச் சோதித்துப் பார்க்கும்வரை பழைய ஊசியில் தயவுசெய்து தட்டைப் போடாதீர்கள்.