வேலை போனது 2025-இல், ஃபாஃப்சா பார்ப்பது 2023-ஐ

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. 19 வயது மகள் கம்யூனிட்டி காலேஜில் முதலாண்டு. பிப்ரவரியில் கணவருக்கு வேலை போய்விட்டது. 2025-26-க்கு ஃபாஃப்சா (கல்லூரிச் செலவுக்கு மத்திய அரசிடம் உதவி கேட்கும் படிவம்) போட்டோம், பெல் கிராண்ட் (குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) இல்லை என்று வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 400 டாலர் கொடுத்தால் "சரிசெய்து தருகிறேன்" என்கிறார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.

பதில்: அந்த 400 டாலரை முதலில் பர்ஸிலேயே வையுங்கள், அம்மா. ஃபாஃப்சா என்ற பெயரின் முதல் எழுத்தே 'இலவசம்' என்பதற்குத்தான். அதை விலைக்கு விற்க ஒரு கூட்டமே அலைகிறது. அடுத்து அந்தத் தெரிந்தவர் உங்கள் ஃபாஃப்சா கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பார். அந்தக் கணக்குதான் உங்கள் கையெழுத்து. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏஜென்ட் தன் போன் நம்பரைப் போட்டே கணக்கைத் திறந்திருந்தார். உள்ளே நுழைவதற்கான எண் ஒவ்வொரு முறையும் அவருக்கே போனது. அப்பாவின் வருமானத்தையும் அவர் இஷ்டத்துக்குக் குறைத்து எழுதியிருந்தார். கல்லூரி விளக்கம் கேட்டபோது போனை அணைத்துவிட்டார். பதில் சொல்ல வேண்டியிருந்தது பெற்றோர்தான்.

உங்கள் படிவத்தில் தப்பு எதுவும் இல்லை. 2025-26-க்கு 2023-இன் வரிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு உங்கள் கணவருக்கு முழுச் சம்பளம். இன்றைக்கு அடுப்பு எரிகிறதா என்று கேட்காமல் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சாப்பாட்டை விசாரிக்கிற முறை இது. யார் யோசித்தார்களோ!

ஆனால் வழி உண்டு. குடும்ப நிலைமை மாறியிருந்தால் வருமானக் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே கல்லூரியின் ஃபைனான்சியல் எய்ட் (மாணவர் நிதியுதவி) அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்பார்கள். சில கல்லூரிகளின் படிவத்தில் 'ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று இருக்கும். ஃபாஃப்சா தளத்தில் இதைத் தேடாதீர்கள், கல்லூரியில்தான் கேட்க வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பது பல நேரம் பகுதிநேரமாக வேலை பார்க்கும் இன்னொரு மாணவர். "ஒன்றும் செய்ய முடியாது" என்று அந்தப் பிள்ளை சொன்னால் திரும்பி வராதீர்கள். அதிகாரியைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பள ரசீது, வேலையில்லாதோர் உதவித்தொகைக் கடிதம், நடந்ததைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனி மொத்தமாகக் கொடுத்த பணம் இருந்தால் மறைக்கவே வேண்டாம். வங்கிக் கணக்கில் அது பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். 2023-இல் பங்குகளை விற்றதால் அந்த ஒரு வருஷம் மட்டும் வருமானம் ஏறியிருந்தால், அதையும் தனியாக எழுதுங்கள். ஒரே தடவை வந்த பணம் என்று காட்டினால் பல அதிகாரிகள் கழித்துக் கணக்குப் போடுவார்கள். எல்லாரும் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கல்லூரி அதிகாரி சொல்வதே முடிவு, வாஷிங்டனுக்கு மேல்முறையீடு கிடையாது. மகள் பிறகு வேறு கல்லூரிக்கு மாறினால் அங்கே மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

அதுவரை வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டுமே. 2021-இல் வந்த ஒரு சட்டப்படி கலிஃபோர்னியாவின் ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் 'பேசிக் நீட்ஸ் சென்டர்' இருக்க வேண்டும். அங்கே அரிசி, பருப்பு, டின் உணவு கிடைக்கும். வாடகை, பஸ் செலவுக்கும் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். மகள் கூச்சப்படுவாள். முதல் தடவை நீங்களும் கூடப் போய் நில்லுங்கள்.

படிப்பை நிறுத்துவது பற்றி. முழு பெல் கிராண்ட் வருஷத்துக்கு 7,395 டாலர் வரை. அதற்கு ஒவ்வொரு செமஸ்டரிலும் 12 யூனிட் (பாடச்சுமையை அளக்கும் கணக்கு) எடுக்க வேண்டும், 6 யூனிட் எடுத்தால் பாதி வரும். ஆகவே வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் 6 யூனிட்டாகக் குறைத்துக்கொள்ளட்டும். பெல் வந்த கையோடு எல்லா வகுப்பையும் விட்டுவிடக் கூடாது. செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுமுன் விலகினால், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லி பில் வரும். அந்த 60 சதவீதம் எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் அதே அப்பாயின்ட்மென்ட்டில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.