பி.டி. பீரியட் யாருக்கு? உடற்கல்வி ஆசிரியை பதில்கள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். உடல்நலக் கேள்விகளில் பள்ளியில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். சிகிச்சைக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவனின் அப்பா: அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். நல்லதுதானே?

இல்லைங்க. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகன் வேனில் வந்து, வேனில் போய், அப்படியே டியூஷனில் உட்காருகிறான் என்றால் அவனுக்கு மிஞ்சுவது வாரத்தில் அந்த ஓரிரு பீரியட்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்கும்போது இதையும் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பள்ளி கேட்கும்.

புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர்: ஒரு வகுப்பில் 60 பேர். இருப்பது ஒரு வாலிபால், கொஞ்சம் மண் தரை. என்ன செய்வது?

தம்பி, முதலில் அந்தப் பந்தை ரூமிலேயே வைத்துவிடுங்கள். பந்தைக் கொடுத்தால் கெட்டிக்காரப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். கபடியும் அப்படித்தான். அணிக்கு ஏழு பேர் என்றால் களத்தில் 14 பேர், வேடிக்கை பார்ப்பவர்கள் 46 பேர். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கக் காலையும் மாலையும் இருக்கின்றன. வகுப்பு நேரம் மரத்தடியில் உட்காரும் பிள்ளைக்குச் சொந்தமானது. இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன ஆடுவது என்பது தானாகவே பிடிபடும்.

சுண்ணாம்புப் பொடியால் தரையை நான்கு கட்டமாகப் பிரியுங்கள். கட்டத்துக்கு 15 பேர். ஒன்றில் நொண்டி, ஒன்றில் பாண்டி, ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் வளையப்பந்து. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு விசில், கட்டம் மாற வேண்டும். ரிலே வைத்தால் ஒரு வரிசையில் ஐந்து பேருக்கு மேல் நிறுத்தாதீர்கள். வரிசை நீண்டால் ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அவுட் ஆனவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது எப்போதும் அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான். அவுட் ஆனதும் பக்கத்துக் கட்டத்துக்குப் போய் ஆட்டத்தைத் தொடரட்டும்.

ஆள் பிரிக்கும் வேலையைக் கேப்டன்களிடம் விடவே விடாதீர்கள். யாரும் கூப்பிடாமல் கடைசியில் தனியாக நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொல்லிப் பிரியுங்கள்.

வகுப்பாசிரியை: லேட்டாக வருபவர்களை கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுகிறோம். அதுவும் உடற்பயிற்சிதானே?

டீச்சர், ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை ஓட்டத்தையே வெறுத்துவிடும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவும் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா: மாதவிலக்கு நாட்களில் மகளை விளையாட விடலாமா? கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார் மாமியார்.

விடலாம் அம்மா. விளையாடினால் கர்ப்பப்பை இறங்காது. பலருக்கு லேசாக ஓடியாடினால் வயிற்றுவலி குறையவும் செய்யும். வலி அதிகம் என்றால் அவள் உட்காரட்டும். அதைப் பையன்கள் முன்னால் காரணம் கேட்காமல் அனுமதிப்பது எங்கள் பொறுப்பு.

அடிக்கடி மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். கூடவே டீ குடிக்க வேண்டாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்: ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தோம். சரியா? சுளுக்குக்கு என்ன செய்யலாம்?

இரும்பால் வலிப்பு நிற்காது சார், தானாகத்தான் நிற்கும். சுற்றியுள்ள கல், பெஞ்சை நகர்த்துங்கள். பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். எப்போது தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

சுளுக்கை நீவவோ இழுக்கவோ கூடாது. வளரும் வயதில் எலும்பின் முனைகள் மென்மையானவை. சுளுக்கு என்று நாம் நினைப்பது எலும்பு முறிவாகவும் இருக்கலாம். துணியில் ஐஸ் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: 600 மீட்டரில் எப்போதும் நான்தான் கடைசி. குண்டு என்று சிரிக்கிறார்கள். பி.டி. பீரியட் அன்று லீவு போடத் தோன்றுகிறது.

லீவு போடாதே கண்ணா. முதலில் உங்கள் பி.டி. சாரிடம் தனியாகப் போய் இதை அப்படியே சொல். சிரிப்பதை நிறுத்த வேண்டியது அவர் வேலை, உன் வேலை இல்லை. அந்த 600 மீட்டரில் ஓடலாம், நடக்கவும் செய்யலாம், விதியே அதுதான். நூறு மீட்டர் ஓடு, ஐம்பது மீட்டர் நட, மறுபடி ஓடு. உன் நேரத்தை நோட்டில் எழுதி, அடுத்த மாதம் உன் நேரத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார். குண்டு எறிதலையும் கேட்டுப் பார். உன் உடம்பின் பலம் அங்கே தெரியலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று: எடை பார்க்கும்போது எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள்.

சிறப்பாசிரியை: காலில் குறைபாடுள்ள மாணவியைப் பைகளுக்குக் காவல் வைக்கிறார்கள்.

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஊக்கப்படுத்தியதால் உயரம் தாண்டத் தொடங்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பதக்கம் வரும் என்றால்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. கயிற்றைத் தாழக் கட்டி, எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உட்கார வைத்து எறிபந்து ஆடச் சொல்லுங்கள். அவளும் அணியில் ஒருத்தி ஆகிவிடுவாள்.

ஆசிரியர்: முதல் பீரியடே பி.டி. சிலர் மயங்கி விழுகிறார்கள். வெயிலா?

வெயிலுக்கு முன் பசியைப் பாருங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வருபவர்கள் நிறையப் பேர். "சாப்பிட்டாயா?" என்று வகுப்பு முன்னால் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தனியாகக் கேளுங்கள். ரூமில் பிஸ்கட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வைத்திருங்கள். முடிந்தால் தலைமையாசிரியரிடம் பேசி அந்தப் பீரியடைக் கடைசிக்கு மாற்றுங்கள். அப்போது மதிய உணவும் சாப்பிட்டிருப்பார்கள், வெயிலும் தாழ்ந்திருக்கும்.