850 அடி போரும் ஒரு மொட்டை மாடியும்: மழைத்தண்ணீரை எங்கே விடுவது?

பெருந்துறைக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்து பேர் இருக்கும் வீடு, 1,200 சதுர அடி மொட்டை மாடி, 850 அடி போர் (ஆழ்துளைக் கிணறு). போரில் வருவது உப்புக் கலந்த சப்பைத் தண்ணீர், அதுவும் மாசி பிறந்தால் விட்டுவிட்டுத்தான் வருகிறது. நல்ல தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் சில நாளுக்கு ஒருமுறை. வாசலில் குழி எடுத்து ஜல்லி கொட்டினால் போதும் என்கிறார் கொத்துக்காரர். கூரைத் தண்ணீரை நேராகப் போருக்குள் இறக்கச் சொல்கிறார் போர் போட்டுக் கொடுத்தவர். இதற்கிடையில் வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பிவிட்ட எலுமிச்சை மரம் இலை கருகி நிற்கிறது. "எதைத்தான் செய்வது? மழைத்தண்ணியைக் குடிக்கலாமான்னு மாமியார் வேற கேக்கறாங்க" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் தொட்டி, தொட்டி நிரம்பி வழிவது மண்ணுக்கு. போருக்குள் விடும் யோசனையை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஏறக்குறைய 111 சதுர மீட்டர். வால்பாறை மலையில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவில் இருக்கும் நமக்குக் கிடைப்பது 600 மி.மீ.யைச் சுற்றித்தான். தெறிப்பது, ஆவியாவது, முதல் மழையைக் கழித்துவிடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஆண்டுக்கு 53,000 லிட்டர் கைக்கு வரும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரத்து வீடுகளுக்கு அரசு வைத்திருக்கும் அளவுப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று ஐந்து பேர் செலவழித்தால் இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிடும். "மழைத்தண்ணி எல்லாம் எந்த மூலைக்கு?" என்று பலர் கை விடுவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

கணக்கு தப்பில்லை, கேள்விதான் தப்பு. மழைத்தண்ணீரைக் கக்கூஸுக்கும் கார் கழுவவும் ஏன் விட வேண்டும்? அதற்குச் சப்பைத் தண்ணீரே போதும். குடிக்க, சமைக்க, அரிசி பருப்புக் களைய என்று அடுப்படிக்கு மட்டும் எடுத்தால் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் தாராளம். அப்படிப் பார்த்தால் 10,000 லிட்டர் தொட்டி ஐந்தரை மாதம் வரும். ஐப்பசி மழையில் நிரம்பிய தொட்டி கார்த்திகை நடுவில் மழை விட்டபின் எடுக்க ஆரம்பித்தால் சித்திரை முடியும்வரை தாங்கும். நம் ஊரில் தண்ணீர் முடை வரும் மாதங்கள் சரியாக அவைதானே! உங்கள் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விதை விதையாக நிற்பதற்கு அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் காரணம். மழைத்தண்ணீரில் அவை கிட்டத்தட்ட இல்லை. தொட்டித் தண்ணீர் அடுப்படிக்கு வந்த முதல் வாரமே கேஸ் மிச்சமாவது தெரியும்.

ஆக, தொட்டி. உள்ளளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் ஏழரை அடி என்றால் 10,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 60 மி.மீ. மழை ஒரே ராத்திரியில் பெய்தால் உங்கள் மாடியிலிருந்து 5,000 லிட்டருக்குக் குறையாமல் இறங்கும், ஆகவே அப்படி இரண்டு மழைக்குத் தொட்டி நிரம்பிவிடும். நிலத்தடியில் கட்டப் பணம் இடம் கொடுக்கவில்லையா? ஒரு 5,000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கை வீட்டோரம் மேடை கட்டி வைத்தும் ஆரம்பிக்கலாம். எதைச் செய்தாலும் போர்த் தண்ணீர் விழும் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) மட்டும் கலந்துவிடாதீர்கள். பாலில் மோர் கலந்த கதைதான், இரண்டும் கெடும். ஒரே சம்ப்தான் இருக்கிறதென்றால் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்குங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுக் குழாய், வழிவு குழாய் இரண்டின் வாயிலும் கொசுவலை கட்ட மறக்க வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படித் தெளிந்து நிற்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடும்.

அதிகம் கோட்டை விடுவது முதல் மழையில். நாலு மாத வெயிலில் மாடியில் சேர்ந்த புழுதி, புறா எச்சம், உதிர்ந்த வேப்பிலை எல்லாம் அந்தத் தண்ணீரோடு வரும். குழாயின் கடைசியில் ஒரு மூடி போட்டு, "முதல் தண்ணி இதுல தங்கிக்கும்" என்று பிளம்பர் சொல்வார். நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்கூடப் பிடிக்காது, பத்தடிக் குழாய் முழுதும் நிரம்பினாலும் 24 லிட்டர்தான். உங்கள் மாடியைக் கழுவி விடுவதற்கு 100 லிட்டராவது கழிய வேண்டும். அதனால் மாடியிலிருந்து இறங்கும் குழாயில், வடிகட்டிக்குப் போகும் கிளைக்குக் கீழே, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் ஒரு பால் வால்வு (ball valve) வையுங்கள். கோடை முழுக்க அது திறந்தே கிடக்கட்டும். மழை பிடித்துக் கால் மணி நேரம் கழித்து ஒரு சொம்பில் பிடித்துப் பாருங்கள், அடி தெரிகிறமாதிரி தெளிவாக வந்தால் வால்வை மூடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத பகலில் மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், அன்றைய மழை போகட்டும். அழுக்கை உள்ளே விடுவதைவிட ஒரு மழையை இழப்பது மேல். 1,200 சதுர அடிக்கு நாலு அங்குலக் குழாய் இரண்டாவது வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பெருமழையில் மாடியில் தண்ணீர் தேங்கித் தளம் ஓதம் அடிக்கும்.

வடிகட்டிக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். அடியில் ஒன்றரை ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி, பிறகு கரி, எல்லாவற்றுக்கும் மேலே மணல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நைலான் வலை. ஆற்று மணல் கிடைக்காமல் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போடுகிறவர்கள் தூசி போகும்வரை அலசிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழைக்கே சிமென்ட் பால் மாதிரி ஒரு படலம் கட்டி அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை புரட்டாசியில் மேல்மணலை அள்ளிக் கழுவி வெயிலில் காயவைத்துப் போடுவதோடு பராமரிப்பு முடிந்தது.

இனிக் கொத்துக்காரர் சொன்ன குழி. 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு வாசலில் குழி எடுத்தார்கள். அதில் பலவும் இன்று சிமென்ட் தரைக்கு அடியில் இருக்கிறது. குழி வேண்டாம் என்று சொல்லவில்லை, அது தொட்டியின் வழிவுக்கு மட்டும் போதும் என்கிறேன். நம் பக்கம் மேலே கொஞ்சம் செம்மண், பிறகு மக்கிய பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. குழியில் விடும் தண்ணீர் அந்த மக்கிய அடுக்கில்தான் தங்கும். பக்கத்துக் கிணற்றில் ஊற்றுக் கூடும், தென்னைக்கு ஈரம் கிடைக்கும். உங்கள் 850 அடி போருக்குத் தண்ணீர் தருவது கெட்டிப் பாறைக்குள் எங்கோ ஓடும் வெடிப்புகள், வாசல் குழித் தண்ணீர் அங்கே போய்ச் சேர எந்த உத்தரவாதமும் கிடையாது.

குழி எடுப்பதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் தோண்டி மூன்று குடம் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு மட்டத்தில் கோடு போட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். ஒரு சாண் இறங்கினால் நல்ல மண், குழி வேலை செய்யும். இரண்டு விரல்கடை இறங்கவே திணறினால் கரிசலோ சுக்காம்பாறையோ அடியில் இருக்கிறது, வேறு இடம் பாருங்கள். பழைய கிணறு ஒன்று தோட்டத்தில் கிடந்தால் குழியைவிட அதுவே மேல். வழிவுத் தண்ணீரை ஒரு சின்ன வண்டல் தொட்டி வழியாக அதற்குள் விடலாம், ஆனால் அதற்கு முன் கிணற்றில் கொட்டிய குப்பையை எடுத்தாக வேண்டும்.

போருக்குள் நேராக விடுவதில் எனக்குத் தயக்கம் இரண்டு. மேலே மண்ணில் கொஞ்ச நஞ்சமாவது வடிகட்டப்படும் கிருமி, போரில் விட்டால் வடிகட்டப்படாமல் நேரே பாறை வெடிப்புக்குப் போய்விடும். அதே வெடிப்பிலிருந்து ஊரில் இன்னும் நாலு வீடு தண்ணீர் எடுக்கும். போரின் மேல்பகுதியில் இறக்கிய கேசிங் குழாயில் ஓட்டை போட்டுச் சுற்றிலும் ஜல்லி நிரப்பும் முறையில் வலை கிழிந்தால் சேறு இறங்கி மோட்டார் மாட்டிக்கொள்ளும், ஓடுகிற போரையும் இழப்பீர்கள். வற்றிக் கைவிட்ட போர் தனியாக இருந்து, வடிகட்டிய மாடித் தண்ணீர் மட்டும்தான் போகும் என்றால் செய்து பார்க்கலாம். வாசல் தண்ணீரும் சலதாரைச் சாக்கடைத் தண்ணீரும் எந்தக் காலத்திலும் கூடாது.

அத்திக்கடவுத் தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டதே, இனிப் போர் ஊறாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கானது. உங்கள் பக்கத்துக் குட்டை அதில் இருந்தால் கிணறுகள் ஊறும், மேல்வெடிப்புள்ள போர்களும் தேறலாம். உபரி இல்லாத வருஷம் என்றும் ஒன்று வரும் என்பதை நினைவில் வைத்துத்தான் தொட்டி கட்டச் சொல்கிறேன்.

எலுமிச்சைக்கு வருவோம். சோப்புத்தூளில் சோடியம் உப்புகள் நிறைய, சிலவற்றில் போரானும் உண்டு. எலுமிச்சை, நாரத்தை வகைகளுக்கு இரண்டும் ஆகாது, இலை நுனியும் ஓரமும் முதலில் கருகும். உங்கள் சப்பைத் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, நுரை வரவில்லை என்று தூளை இன்னும் ஒரு கை கூடப் போட்டிருப்பீர்கள். அந்தக் குழாயை இன்றே தென்னைக்குத் திருப்புங்கள், தென்னை தாங்கும். எலுமிச்சைக்கு வருகிற மழையில் மாடித் தண்ணீரை நாலைந்து தடவை வேரடி நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கினால் புதுத் தளிர் எடுக்கும். மெஷின் முதலில் கொட்டும் சோப்புத் தண்ணீரைவிடக் கடைசி அலசல் தண்ணீர் எவ்வளவோ சுத்தம். அதை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற, அடுத்த நடைக்கு மிதியடி ஊறவைக்க ஆகும். ஐப்பசியில் தொட்டி வழியும் நாட்களில் துணியையே மழைத்தண்ணீரில் துவையுங்கள், சோப்பு பாதி போதும், மரத்துக்கும் கேடு குறைவு.

குளியலறைத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் உள்ள பொடக்காலி வாழைக்கு வாய்க்கால் வெட்டி விட்டால் வேலை முடிந்தது. குழந்தைத் துணி அலசியதை மட்டும் கக்கூஸ் பக்கம் ஊற்றிவிடுங்கள். அடுப்படித் தண்ணீர்தான் வம்பு. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து இரண்டே நாளில் நாறும். மூன்றடி ஆழம், ஐந்தடி அகலத்துக்கு ஒரு வட்டக் குழி எடுத்துத் தேங்காய் மட்டை, காய்ந்த சருகு போட்டு நிரப்பி, கரையில் வாழையும் சேம்பும் நட்டு, குழாய் வாயில் ஒரு கூடை வலை மாட்டி அதில் விடுங்கள். மட்டை மக்க மக்க மேலே போட்டுக்கொண்டே இருக்கலாம். இந்தத் தண்ணீரை எதையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். கொத்தமல்லி, கீரைப் பாத்திக்கும் விட வேண்டாம்.

மாமியாருக்குப் பதில்: குடிக்கலாம், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தெளிவாக இருப்பதாலேயே கிருமி இல்லை என்று ஆகாது, மாடியில் புறா உட்காராத வீடு எது? ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரும், புதிதாகப் பெயின்ட் அடித்த தகரக் கூரையின் தண்ணீரும் குடிக்க வேண்டாம். உங்களுடையது கான்கிரீட் தளம், கவலையில்லை. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியதும் ஆர்.ஓ. மெஷினை அணைத்துவிடலாம். மழைத்தண்ணீரில் அது பிரிப்பதற்கு உப்பே கிடையாது, நல்ல தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவுக் குழாயில் தள்ளுவதுதான் மிச்சம்.