பாட்டியின் வெற்றிலை உரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு ஹைக்கூ பட்டறைக்குப் போயிருந்தேன். ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது இது:

பூட்டிக் கிடக்கும் அறை
பாட்டியின் வெற்றிலை உரலில்
இன்னும் அந்தச் சிவப்பு

எல்லோரும் கை தட்டினார்கள். நடத்தியவர், "பாட்டி எப்போது தவறினார்கள்?" என்று கேட்டார். "இல்லை சார், வீட்டில் நன்றாக இருக்கிறார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணால் கண்டதை அந்த நொடியிலேயே அப்படியே எழுதுவதுதான் ஹைக்கூ, பாஷோ முதல் எல்லா ஜப்பானிய மேதைகளும் அப்படித்தான் எழுதினார்கள், கற்பனை கலந்தால் அது வெறும் மூன்று வரி என்றார். அதிலிருந்து எழுதவே கை வரவில்லை. நான் செய்தது ஏமாற்று வேலையா?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

முதலில் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஜப்பானியக் கவிஞர் பூசோனின் சீப்புதான் ஞாபகம் வந்தது. அந்தக் கவிதையைச் சுமாராகத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

உடம்புக்குள் இறங்கும் குளிர்
செத்துப்போன மனைவியின் சீப்பை
படுக்கையறையில் மிதித்துவிட்டேன்

இருட்டில் வெறுங்காலோடு நடக்கிறார். உள்ளங்காலில் சீப்பின் பல் குத்துகிறது. முதல் வரியில் வரும் 'மி நி ஷிமு' என்ற தொடர் ஜப்பானியக் கவிதை மரபில் இலையுதிர்காலத்துக்கு உரியது. நமக்கு முல்லை என்றதும் கார்காலமும் காத்திருக்கும் தலைவியும் கூடவே வந்துவிடுவதைப் போல, அவர்களுக்கு அந்தத் தொடரைக் கேட்டதும் ஒரு பருவமே வந்து நிற்கும். அதனால் அந்தக் குளிர் பருவத்தினுடையதா, சீப்பினுடையதா, போய்ச் சேர்ந்தவளுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மனைவியைப் பறிகொடுத்தவன்தான் இப்படி எழுத முடியும் என்று தோன்றும்.

பூசோனின் மனைவி தோமோ அப்போது உயிரோடு இருந்தார். 1784இல் பூசோன் போன பிறகும் பல வருடங்கள் இருந்தார். அவர் இந்தக் கவிதையைப் படித்துவிட்டு என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

பூசோன் தொழில்முறை ஓவியர், கற்பனைக்காரர், அவரை விடுங்கள் என்று உங்கள் பட்டறைக்காரர் சொல்லலாம். சரி, பாஷோவுக்கே வருவோம்.

1689இல் பாஷோ தன் சீடர் சோராவோடு எதோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கிளம்பி வடக்கே நடந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் இச்சிபுரி என்ற ஊரில் தங்கிய ஓர் இரவு வருகிறது. பக்கத்து அறையில் இசே கோயிலுக்குப் போகும் இரண்டு விலைமாதர். காலையில் அவர்கள் துணைக்கு வரச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், இவர் மறுத்துவிட்டு நடக்கிறார். ஒரே கூரைக்கு அடியில் விலைமாதரும் தூங்கினார்கள், ஹகிப் பூவும் நிலவும் என்று ஒரு கவிதை. அதைச் சோராவிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார் என்று வேறு சேர்த்திருக்கிறார். 1943இல் சோராவின் நாட்குறிப்பு அச்சில் வந்தது. எங்கே தங்கினார்கள், மழையா வெயிலா என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெண்களும் இல்லை, அந்தக் கவிதையும் இல்லை. அது பாஷோ புனைந்த இரவு என்பதுதான் ஆய்வாளர்கள் பலருடைய முடிவு.

இன்னொன்று, இதைவிட எனக்கு முக்கியமானது. யாமாதெரா என்ற மலைக்கோயிலில் எழுதிய சில்வண்டுக் கவிதை. இன்று நாம் படிக்கும் வடிவம் ஏறக்குறைய இப்படி:

என்ன நிசப்தம்
பாறைக்குள் ஊறி இறங்குகிறது
சில்வண்டின் குரல்

சோராவின் குறிப்பில் இருக்கும் முதல் வடிவத்தில் 'நிசப்தம்' இல்லை. 'மலைக்கோயில்' என்று தொடங்குகிறது. குரல் ஊறி இறங்குவதில்லை, கல்லில் படிந்து ஒட்டிக்கொள்கிறது. நடுவில் ஒரு வடிவத்தில் முதல் சொல் 'தனிமை'. கடைசியில்தான் நிசப்தம் வந்தது, அந்த 'ஊறி இறங்கும்' வினைச்சொல்லும் வந்தது. ஊர்ப்பெயர் மாதிரி இருந்த ஒன்றை முதலில் எடுத்தார். அப்புறம் தன் மனநிலையையும் எடுத்தார். காது செவிடாகும் அளவுக்கு வண்டு கத்தும் இடத்தில் நிசப்தம் என்று வைத்தார். இது 'அந்த நொடியில்' எழுதியதா? பயணம் 1689இல். நூலின் செப்பமான படி தயாரானது 1694இல், அவர் இறந்த வருடத்தில்.

(அந்தச் சில்வண்டு எந்த இனம் என்று இருபதாம் நூற்றாண்டில் இரண்டு இலக்கியவாதிகள் சண்டை போட்டார்கள். கடைசியில் அதே பருவத்தில் அந்த மலையில் வண்டு பிடித்துப் பார்த்தார்கள். கவிஞர் சைதோ மோகிச்சி தன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 'கண்ணால் கண்டது' கட்சிக்கு இந்தக் கதை பிடிக்கும்.)

அப்படியானால் 'கண்டதை அப்படியே' என்ற விதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மசாவோகா ஷிகி என்ற கவிஞரிடமிருந்து. 1867இல் பிறந்து 34 வயதில் காசநோயில் இறந்தவர். 'ஹைக்கூ' என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவரே. மேற்கத்திய ஓவியத்திலிருந்து 'ஷாசெய்' என்ற எண்ணத்தை எடுத்தார். எதிரில் இருப்பதைப் பார்த்து வரை என்பது அதன் சாரம். பழகித் தேய்ந்த உவமைகளால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கவிதைக்கு அவர் கொடுத்த மருந்து அது. மருந்தை நாம் சாப்பாடாக்கிவிட்டோம்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதை 1895இல் எழுதியது. சீமைப்பனிச்சைப் பழம் தின்கிறேன், மணி ஒலிக்கிறது, ஹோர்யூஜி கோயில். ஆனால் பின்னால் பழங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், நாராவின் விடுதியில் பழம் தின்றுகொண்டிருந்தபோது கேட்டது தோதாய்ஜி கோயிலின் மணி என்கிறார் அவரே. ஷாசெய் பேசியவரே மணியை வேறு கோயிலுக்கு மாற்றிவிட்டார் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் எதிராக ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ஸா என்ற ஜப்பானியக் கவிஞர். 1819இல் அவருடைய பெண் குழந்தை சாதோ அம்மையில் இறந்தது. வயது ஒன்று சொச்சம். அப்போது எழுதியது:

பனித்துளி உலகம்
பனித்துளி உலகம்தான்
இருந்தாலும்

இதில் காட்சியே கிடையாது. சீப்பு, உரல், வண்டு எதுவுமில்லை. நிலையாமை என்று பௌத்தம் சொன்னதை ஒப்புக்கொள்கிறார், ஒப்புக்கொண்ட வாயாலேயே 'இருந்தாலும்' என்கிறார். குழந்தை இறந்தது தெரியாமல் படித்தால் இதில் பாதிதான் கிடைக்கும். உங்கள் பட்டறைக்காரர் இதை மேற்கோள் காட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கஷ்டமாகியிருக்கும்.

இனி உங்கள் கவிதை. ஏமாற்று வேலை இல்லை. ஆனால் ஒரு பிழை இருக்கிறது, அது பாட்டி உயிரோடு இருப்பது அல்ல. 'இன்னும்' என்ற சொல். பாட்டி போய்விட்டார், பாருங்கள், சோகம் என்று கையைப் பிடித்து இழுக்கிறது அது. உரலின் சிவப்பைக் காட்டிவிட்டீர்கள், அப்புறம் எதற்கு 'இன்னும்'? பாஷோ 'தனிமை'யை எடுத்தாரே, அதேபோல் எடுத்துவிடுங்கள். 'பூட்டிக் கிடக்கும் அறை'யிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அறையைப் பூட்டிவிட்டால் உரலை யார் பார்த்தது?

இவ்வளவும் போகட்டும். வீட்டில்தான் இருக்கிறாரே, பாட்டிக்கு இதை வாசித்துக் காட்டினீர்களா? உரலைக் கழுவாமல் விட்டதாக எழுதியிருக்கிறாயே என்று சண்டைக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.