கிராமத்தில் குட்டி நீராவி ரயில் விட்டால் ஆட்கள் வருவார்களா? அது வெறும் பொம்மை ரயில்தானே?

வருவார்கள். ஆனால் அது பொம்மை இல்லை. விடுமுறை நாட்களில் 15 அங்குலப் பாதை (இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அவ்வளவுதான் அகலம்) ஒன்றில் சம்பளமில்லாமல் ஃபயர்மேன், அதாவது இஞ்சினுக்குக் கரி போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை பார்க்கிறவன் நான், அதனால் இந்தக் கேள்வி கொஞ்சம் உறைத்துவிட்டது.

உங்கள் கையில் நிலம் இருக்கிறது, யோசனையைச் சொன்னதும் வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் சர் ஆர்தர் ஹேவுட் 1874இல் இந்த அகலத்தில் பாதை போட்டது, பெரிய பண்ணைகளில் சாமான் ஏற்ற இது போதும் என்று காட்டத்தான். ரேவன்கிளாஸ்-எஸ்க்டேல் பாதை 1875இல் இரும்புத்தாது ஏற்ற வந்தது. நொடித்து மூடிக் கிடந்ததை 1915 முதல் 15 அங்குலமாக மாற்றினார்கள். சுமார் 11 கிலோமீட்டர்தான், இன்றும் அதில் ஏறவென்றே அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். அதே அகலத்தில் 1927இல் இங்கிலாந்தில் திறந்த ரோம்னி பாதையில் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் கவச ரயிலே ஓட்டியது. எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, அதற்குள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அளவு சின்னது என்பதால் பாய்லர் சலுகை எதுவும் தராது. நெருப்பு மூட்டும் முன் முதலில் பார்ப்பது கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான். பாய்லருக்குள் கரி எரிகிற நெருப்புப்பெட்டியின் கூரைக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அந்தக் கூரைத் தகடு பழுக்கக் காய்ந்துவிடும். ஒருநாள் மழைத் தூறல், தண்டவாளம் முழுக்க ஈர இலை. மேட்டில் ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. டிரைவர் நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடினார், சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்கத் தண்டவாளத்தில் மணல் விட்டார், மறுபடி நூல் அளவு திறந்தார். நெருப்பு நடுவில் ஓட்டை விழாமல் நான் ஓரங்களில் கரியைத் தூவிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அடியாக மேலே ஏறினோம். பின்னாலிருந்து ஒருவர், "டீசல் வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்றார். கடைசி நிலையத்தில் இறங்கியதும் இஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்!

அந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஓடுகிற நேரத்தைவிட, இஞ்சின் கழன்று, திரும்பி, தண்ணீர் குடிக்கிற பத்து நிமிடத்தில்தான் கூட்டம் மொய்க்கிறது. அதை எங்கோ கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். பேட்டரி மோட்டாருக்கு மேலே புகைபோக்கி நட்டு, ஸ்பீக்கரில் விசில் போட்டு, பலகையில் 'நீராவி ரயில்' என்று எழுதுவதும் வேண்டாம். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் "காசு தராத வேலைக்கா இப்படிக் கரியில் புரள்கிறாய்?" என்று கேட்கிறார்கள். லீவு நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் இந்தக் கணக்குக் கேட்பதில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, உங்கள் விஷயம். தண்டவாளம் வாங்கும் முன்பே, ஆண்டுதோறும் பாய்லரைச் சோதித்துச் சான்று தரப்போவது யார் என்று விசாரித்துவிடுங்கள். அப்புறம், நெருப்பு மூட்டத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். ஒருவரை மட்டும் நம்பினால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று வண்டி ஓடாது.