'ரிட்.' என்றால் எவ்வளவு மெதுவாக?

வணக்கம் ஐயா. என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். நோட்டில் ஒரு பாட்டில் 'ரிட்.', இன்னொன்றில் 'ரால்.' என்று இருக்கிறது. இரண்டுமே மெதுவாக வாசிக்கத்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்கு இரண்டு சொல்? எவ்வளவு மெதுவாக்குவது என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை.
ஒரு வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

'ரிட்.' என்பது ரிட்டார்டாண்டோ, 'ரால்.' என்பது ராலென்டாண்டோ. இத்தாலிய மொழியில் முன்னது தாமதிப்பது, பின்னது வேகத்தைத் தளர்த்துவது. அங்கே சாலையோரப் பலகைகளிலும் வண்டியோட்டிகளுக்கு 'ராலென்டாரே' என்று எழுதியிருக்கும். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை.

கவனிக்க வேண்டியது மூன்றாவது சொல்லை: ரிட்டெனூட்டோ. வேகத்தை அந்த இடத்திலேயே சட்டென்று இழுத்துப் பிடிப்பது. பழைய நோட்டுகளில் சில சமயம் இதையும் 'ரிட்.' என்றே சுருக்கிவிடுவார்கள். எழுத்துக்குப் பின்னால் கோடுகள் விட்டுவிட்டு நீண்டால், அது முடிகிறவரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 'ரிட்.' கண்ணில் பட்டதும் வேகத்தைப் பாதியாக்கிவிட்டு, அதே மந்தத்தில் கடைசிவரை போவார்கள். வியாசர்பாடி ஜீவாவில் அவளை மின்சார ரயிலில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவையுங்கள். பெரம்பூர் நெருங்கும்போது வெளியே கம்பங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். ரிட்டார்டாண்டோ அதுதான்.

சிறுவயதில் சர்ச் கொயரில் எனக்கும் இது வரவில்லை. மாஸ்டர் பின்னால் நின்று என் தோளில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாமதமாக விழுந்தது. அடுத்த தட்டுக்காகத் தோள் காத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த பிள்ளை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், அசையக்கூடாது என்றுதானே அங்கே பழக்குகிறார்கள்.

அவள் தோளிலும் அப்படித் தட்டிப் பாருங்கள். முதலில் வாயால் பாடட்டும், கீபோர்டு அப்புறம். பாட்டின் நடுவில் 'ரிட்.' வந்து, பிறகு 'அ டெம்போ' என்று போட்டிருந்தால், அந்த இடத்தில் உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அதையும் தோளில் தட்டியே காட்டலாம்.